பழைய காரின் பிரேக்கும் பாஸ்கல் விதியும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

வண்டி ஓடுவதற்கு இயந்திரம் வேண்டும். நிற்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ‘பிரேக்’ என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிடுவோம். அது எப்படி நிறுத்துகிறது என்று அடுத்த கேள்வி வந்தால், முன்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும், இது பாஸ்கல் விதி” என்பார். அத்துடன் பாடம் முடியும். பத்தாம் வகுப்பில் நானும் இப்படி எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவன்தான். அந்த விதி கைகொடுக்காமல் போகும் இடம் ஒன்று உண்டு என்பதும், அது போடி மெட்டுச் சாலையில் என் தாயார் அமர்ந்திருந்த காரிலேயே நிகழும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

என் தந்தையார் ஜீப் ஓட்டுநர். போடியிலிருந்து விடியுமுன் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். பலருடைய தாய்மார்கள் அவற்றில் போய் வருகிறவர்கள். அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டில் ஒரு கார் உண்டு என்று சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. தோட்டம் ஒன்றில் ஓடாமல் கிடந்த 1986-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4 டீசல் காரை, பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே கொடுத்து அப்பா வாங்கி வந்தார். வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் அது நிற்கவில்லை. பிரசவத்துக்கும் அதுதான், கலியாணத்துக்கும் அதுதான்.

அன்று நடந்தது

சென்ற பங்குனியில் பூப்பாறையில் ஓர் உறவினர் வீட்டு விசேஷம். மாலையில் திரும்பும்போது காரில் அப்பா, அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை, நான் என ஐந்து பேர். பின்னால் இரண்டு மூட்டைகள். போடி மெட்டிலிருந்து கீழே இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எப்போதும் இரண்டாவது கியரில் இறங்கும் அப்பா, இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்று அன்று மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்து மிதித்தே இறக்கினார். பாதிக்கு மேல் இறங்கியதும் சித்திக்கு வாந்தி வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தினோம். சக்கரத்துப் பக்கம் கருகிய வாடை அடித்தது. மலைச்சாலையில் அது வழக்கம்தான் என்று யாரும் பொருட்படுத்தவில்லை.

ஐந்து, பத்து நிமிடம் கழித்துப் புறப்பட்டோம். முதல் வளைவுக்கு முன்னால் அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் எவ்விதத் தடையும் இன்றித் தரையைத் தொட்டது. அவர் கத்தவில்லை. ஒரு சொல்லும் பேசாமல் முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடப்பக்கச் சக்கரங்களை மலையோரத்து வாய்க்காலில் இறக்கி, மண்மேட்டில் உரசி வண்டியை நிறுத்திவிட்டார். கதவும் மட்கார்டும் நசுங்கின. மனிதருக்கு ஒன்றும் இல்லை. அம்மா அங்கேயே வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டார்.

இனிதான் அதிசயம். அரை மணி நேரம் கழித்து அப்பா மறுபடியும் பெடலை மிதித்துப் பார்த்தார். அது கல்லைப் போல் நின்றது! எங்கும் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. முதல் கியரில், ஆமை போல் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினோம். அவர்களும் மிதித்துப் பார்த்துவிட்டு, “பெடல் நல்லாத்தான் இருக்கு, பயந்து எதையோ மிதிச்சிருப்பீங்க” என்று சொல்லி, ஆயிலை மேலாகக் கொஞ்சம் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடம் மலையில் ஜீப் ஓட்டிய மனிதரிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றார். பழுதென்று ஒன்று இருந்தால் திருத்தலாம். பழுதே இல்லை என்கிறபோது எதைத் திருத்துவது?

பேராசிரியர் கேட்ட கேள்வி

இதை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. “பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? அல்லது பெடலே பஞ்சு போல் இறங்கிவிட்டதா?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியில்தான் முழு விஷயமும் அடங்கியிருந்தது. அதை விளங்கிக்கொள்ள, பிரேக் உண்மையில் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிரேக் வேகத்தை அழிப்பதில்லை. ஆற்றல் அழியாது என்பது நாம் படித்ததுதானே! அது வண்டியின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவே. எங்கள் காரையே எடுத்துக்கொள்வோம். ஆட்களோடும் மூட்டைகளோடும் சேர்த்து நிறை ஏறத்தாழ 1,500 கிலோகிராம். போடி மெட்டுக்கும் கீழே சமவெளிக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,000 மீட்டர். நிலையாற்றல் என்பது நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்கல். அப்படியானால் 1,500 × 9.8 × 1,000. அதாவது 147 லட்சம் ஜூல். இந்த எண் எவ்வளவு பெரியது என்று சொன்னால் புரியாது. 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 2.94 லட்சம் ஜூல் தேவை. ஆகவே மேலே இருந்து கீழே இறங்கும் நம் கார், 50 லிட்டர் தண்ணீரை, அதாவது மூன்று குடத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை எங்காவது கொட்டித்தான் ஆக வேண்டும். ஒரு பங்கைச் சாலையும் காற்றும் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் பெரும் பங்கை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த கியரில் இறங்கினால்? மீதி முழுவதும் நான்கு இரும்பு டிரம்களின் தலையில்தான் விழும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

டிரம் இப்படிச் சூடேறும்போது பிரேக் மூன்று வகையில் கெடலாம். முதலாவது, சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் வழக்கத்தைவிடச் சற்றுக் கீழே போய்ப் பிடிக்கும். இரண்டாவது, லைனிங் அளவுக்கு மீறிச் சூடாகி அதன் உராய்வு குறைகிறது. பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது, உள்ளே இருக்கும் திரவமே கொதித்துவிடுகிறது. அப்போதுதான் பெடல் பஞ்சாக இறங்கும்.

எங்களுக்கு நேர்ந்தது மூன்றாவது.

இந்தப் பிரேக்கில் பாஸ்கல் விதி நமக்கு உதவுவது, திரவத்தை எளிதில் அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான். பிரெஞ்சு நாட்டு பாஸ்கல் (1623–1662) எழுதிய திரவச் சமநிலை பற்றிய நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் அச்சேறியது. அதைக் காரின் பிரேக்குக்குக் கொண்டுவர ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு பிடித்தது. அமெரிக்காவில் மால்கம் லாஹெட் என்பவர் அமைத்த திரவப் பிரேக், 1921-இல் டியூசன்பர்க் காரின் நான்கு சக்கரங்களிலும் பொருத்தப்பட்டு வந்தது. தத்துவம் எளிது. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: காலால் 20 கிலோ விசை கொடுக்கிறோம். பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கி 100 கிலோ ஆக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால், திரவத்தில் ஏறும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கிலோ. சக்கரத்தில் உள்ள சிலிண்டரின் பிஸ்டன் 5 சதுர செ.மீ. என்றால், அங்கே ஷூவைத் தள்ளும் விசை 125 கிலோ. எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தம்.

இதை, குமுளி மலைப்பாதையில் போகும்போது தெரிகிற, லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களோடு சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. அங்கே அழுத்தம் பிறப்பது தண்ணீரின் உயரத்தால். இங்கே பிறப்பது காலின் மிதியால். குழாய் முழுவதும் திரவமாக இருக்கும் வரை மிதி முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒரு குமிழி ஆவி புகுந்தால் போதும். ஆவி அமுங்கும். கால் கொடுப்பதெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்; ஷூவுக்கு எதுவும் போய்ச் சேராது.

அந்தக் குமிழி எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் ஊர் வழக்கு நம்மைக் கெடுக்கிறது. நாம் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். அது எண்ணெயே அல்ல. முற்காலத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து பிரேக் திரவம் செய்தது உண்மை. இன்று கடையில் கிடைப்பது கிளைக்கால் வகைச் சேர்மம். அது காற்றிலுள்ள ஈரத்தை உப்பைப் போல் உறிஞ்சும். டாட் 3 என்னும் தர அளவுப்படி, புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதே திரவம் 3.7 விழுக்காடு தண்ணீர் குடித்த நிலையில் 140 டிகிரி வரை இறங்கலாம் என்று அந்தத் தர அளவே ஒப்புக்கொள்கிறது. நூற்றில் நாலு பங்குகூட இல்லாத தண்ணீருக்கு 65 டிகிரி காணாமல் போகிறது! தண்ணீர் ஆவியானால் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் காரில் திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? மாற்றப்பட்டதே இல்லை. குறைந்தபோது ஊற்றினோம், அவ்வளவுதான். எண்ணெய் என்று நினைப்பதால் அது கெடாது என்று நினைக்கிறோம்.

அப்படியானால் ஓடும்போது ஏன் கொதிக்கவில்லை, நின்ற பிறகு ஏன் கொதித்தது? ஓடும் சக்கரத்தில் காற்றுப் பட்டு டிரம் ஓரளவு ஆறிக்கொண்டே இருக்கும். நின்றதும் காற்று நின்றது. டிரம்மில் சேர்ந்த வெப்பம் ஷூ வழியாகவும் பிஸ்டன் வழியாகவும் உள்ளே நடந்து சிலிண்டருக்குப் போயிற்று. சித்தியின் வாந்திக்காக நிறுத்திய அந்தப் பத்து நிமிடத்தில் திரவம் கொதித்தது. அரை மணி நேரம் கழித்து ஆறியதும் ஆவி மறுபடியும் திரவமாயிற்று, பெடல் கல்லாயிற்று. பட்டறைக்காரர் மிதித்துப் பார்த்தது ஆறிய திரவத்தை. அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. இதை வீட்டில் விளக்கிச் சொன்ன அன்று அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நான் சரியாத்தானடா மிதிச்சேன்?” என்று மட்டும் கேட்டார்.

வேப்பமரத்தடியில்

மே மாத விடுமுறையில் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் வேலையைத் தொடங்கினோம். ஸ்பேனர் பிடிப்பதில் அப்பா ஆசிரியர், நான் மாணவன். ஏன், எதற்கு என்று சொல்வதில் சில இடங்களில் அது மாறியது. இந்த வேலையை எல்லாரும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிரேக்கைத் தொடுவது தற்கொலைக்குச் சமம். எங்கள் வண்டி போன்ற பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஓரிடத்தில் விட்டால் எல்லா இடத்திலும் விட்டது போல. மிஞ்சுவது, கம்பியால் பின் சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே.

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது என்பது அப்பாவின் முதல் சட்டம். பழைய பனங்கட்டைத் துண்டுகளை அடுக்கி, அதன்மேல் வண்டியை உட்கார வைத்து, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்றவிட்டார்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கரும்பொடி. அதை வாயால் ஊதித் தள்ளுவதுதான் எல்லாரும் செய்வது. அப்பாவும் முப்பது வருடம் அப்படியே ஊதியவர். நான் அன்று தடுத்துவிட்டேன். பழைய பிரேக் லைனிங்குகள் கல்நார் கலந்து செய்யப்பட்டவை. அந்த நுண்ணிய நார்த்தூள் மூச்சில் போனால் நுரையீரலை அரிக்கும். பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாகவும் வரும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் புதைத்தோம். “இத்தனை வருசம் ஊதியாச்சே” என்றார் அப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர். பின் சக்கரத்தில் ஒவ்வொன்று. ஆக ஆறு. வண்டி நிற்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. ஆகவே முன் சக்கரத்துக்கு வேலை அதிகம். முன்னால் உள்ள இரண்டு ஷூக்களும், டிரம் சுழலும் திசையிலேயே இழுபட்டு இன்னும் இறுகும்படி அமைக்கப்பட்டவை. இதை விளக்க எனக்கு எளிதாக வாய்த்தது தேர்தான். அம்மாவின் நேர்த்திக்கடனுக்காகச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். அங்கே தேர் ஓடும்போது சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவர்களைக் கவனித்தேன். கட்டையைத் தூக்கி யாரும் அழுத்துவதில்லை. முனையை மட்டும் காட்டுகிறார்கள். உருண்டு வரும் சக்கரமே அதைத் தனக்கு அடியில் இழுத்து, தானே இறுக்கிக்கொண்டு தயங்குகிறது. பிரேக் ஷூவும் அப்படியே; வண்டியின் வேகமே வண்டியை நிறுத்த உதவுகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் திரவ அழுத்தப் பிரேக்கும் அமைத்துக் கொடுத்திருக்கிறது என்பதை இங்கே சொல்லலாம். அம்பாசிடரில் உள்ள பாஸ்கல் விதி அங்கே தேரிலும் ஏறிவிட்டது.

இடது முன் சக்கரத்தைப் பிரித்தபோதுதான் முழு உண்மை வெளிப்பட்டது. அதன் டிரம்மில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது; இரும்பு மிகையாகச் சூடேறியதன் தழும்பு. உள்ளே ஒரு சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. திரவம் குடித்த தண்ணீர் கொதிநிலையைக் குறைத்ததோடு நிற்கவில்லை. சிலிண்டரையும் உள்ளிருந்து துருவேற்றியிருக்கிறது. மிதித்ததும் ஷூ வெளியே போகிறது. காலை எடுத்தால் திரும்பி வரவில்லை. பிரேக்கை மிதிக்காதபோதும் அந்த ஒரு சக்கரம் உரசிக்கொண்டே சூடேறியிருக்கிறது. சூட்டை உண்டாக்கியதும் தண்ணீர். சூட்டைத் தாங்க முடியாமல் செய்ததும் அதே தண்ணீர்.

வெளியே வடிந்த திரவத்தைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தோம். புதிதாக இருக்கையில் இளமஞ்சளாக இருக்க வேண்டியது, கருப்பட்டிக் காப்பி போல் இருந்தது.

துருப்பிடித்த சிலிண்டரின் உட்சுவர் பொத்தல் பொத்தலாக அரித்திருந்ததால் அதைப் புதிதாகவே வாங்கினோம். மற்றவற்றுக்கு ரப்பர் வாஷர் கிட் போதுமானதாக இருந்தது. அதோடு மாஸ்டர் சிலிண்டர் கிட், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று ரப்பர் ஹோஸ்கள், புதிய லைனிங் ஒட்டிய ஷூக்கள், ஒரு லிட்டர் திரவம். 1962-இல் சென்னை பாடியில் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் நம் மாநிலத்திலேயே இருப்பதால் பழைய வண்டிகளுக்கும் பிரேக் உறுப்புகள் கிடைப்பது கடினமாக இல்லை. டாட் 4 வகைக்குக் கொதிநிலை இன்னும் கூடுதல். அதை வாங்கலாமே என்று நான் ஆசைப்பட்டேன். கிட் பெட்டியில் டாட் 3 என்று எழுதியிருந்ததால் அப்பா அதையே வாங்கினார். அவர் சொன்னதே சரி. டாட் 5 என்று இன்னொன்று உண்டு. அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

டிரம்களை லேத்தில் கொடுத்து மெல்லிய கடைசல் போட்டோம். அதிகம் கடைந்தால் டிரம் மெலிந்துவிடும்; மெலிந்த டிரம் விரைவில் சூடேறும். பள்ளம் மறைந்தால் போதும் என்று அப்பா கூடவே நின்று பார்த்துக்கொண்டார்.

சிலிண்டர் உறுப்புகளைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவக் கூடாது. அவை பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகும். என்ஜின் ஆயிலும் கிரீசும் அப்படியே. ‘ஆயில்’ என்ற பெயரை நம்பி அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றிய ஒருவரின் ஜீப்பில் எல்லா வாஷரும் கொழுக்கட்டை போல் உப்பி, நான்கு சக்கரமும் இறுகி நடுரோட்டில் நின்ற கதையை அப்பா சொன்னார். ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, புதிய பிரேக் திரவத்திலேயே வாஷரை நனைத்துப் பொருத்தினோம். வாஷரின் குழிந்த பக்கம் திரவத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் ஏற ஏற அதன் உதடு விரிந்து சுவரோடு ஒட்டி, கசிவைத் தானே அடைக்கும். திருப்பிப் போட்டால் முதல் மிதியிலேயே ஒழுகும்.

ஷூவின் ஸ்பிரிங்குகளை மாட்டுவது புத்தகத்தால் வராத வித்தை. ஒரு பக்கத்தைப் பிரித்தால் மறு பக்கத்தை அப்படியே மாதிரிக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது அப்பாவின் இரண்டாவது சட்டம். அதை மதித்ததால் பிழைத்தோம். ஏனெனில் என் கைபேசியில் எடுத்த படங்கள் எல்லாம் கிரீஸ் விரல் பட்டு மங்கலாக இருந்தன. இதற்கிடையே ஒரு சிறு விபத்து. நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் தம்பி ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பேருந்து ஓட்டுவதாகப் பாவனை செய்து பெடலை மிதித்துவிட்டான். டிரம் இல்லாத சக்கரத்திலிருந்து பிஸ்டன் தெறித்து, திரவம் கதவில் வழிந்தது. பத்து நிமிடத்தில் அந்த இடத்தில் பெயின்ட் தோல் உரிந்தது போல் கிளம்பிவிட்டது. பிரேக் திரவம் பெயின்டைத் தின்னும் என்பதற்குச் செலவில்லாத செய்முறை விளக்கம். அன்று முதல், டிரம் மாட்டாத சக்கரத்தின் பிஸ்டனைச் சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பர் வளையத்தால் கட்டிவைத்தோம்.

கடைசி வேலை ‘ஏர் எடுப்பது’. குழாயில் காற்று நின்றால் ஆவி நின்றது போலத்தான். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வர வேண்டும். நிப்பிளில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி, மறுமுனையைப் புட்டியில் இருக்கும் திரவத்தில் மூழ்க வைத்தோம். அக்கா இருக்கையில் அமர்ந்து மிதித்தாள். “அமுக்கு” என்றதும் நிப்பிளைத் திறப்பது. குமிழி வந்து நின்றதும் மூடுவது. மூடிய பிறகே “விடு” என்பது. இந்த வரிசை மாறினால் வெளியேறிய காற்றே திரும்ப உள்ளே போகும். மேலே கலத்தில் திரவம் வற்றினாலும் அதே கதிதான். ஆகவே அம்மா கரண்டியோடு அங்கேயே நின்றார். வடிந்த திரவத்தை வீணாக்காமல் மறுபடியும் ஊற்றலாமே என்று கேட்டவரும் அம்மாதான். கூடாது என்று சொல்லிப் புரியவைக்கச் சற்று நேரமாயிற்று.

பின்பு அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை திருகி, கையால் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினோம். பெடல் பாதிக்கு மேலேயே நின்றது.

மறுபடியும் மெட்டுக்கு

பத்து நாள் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம். முதலில் தெருவில், ஆள் நடக்கும் வேகத்தில். பிறகு போடி சாலையில். அதன் பின்பே அப்பாவும் நானும் மட்டும் மெட்டுக்கு ஏறினோம். அம்மா வருகிறேன் என்றார், அப்பா விடவில்லை.

இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கில் காலை வைத்தபடியே உரசிக்கொண்டு வராமல், வளைவுக்கு முன்னால் ஒரு முறை அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுத்துவிடுவது என்று பேசிவைத்துக்கொண்டோம். இடையிடையே டிரம் மூச்சுவிட வேண்டும் அல்லவா! சித்திக்காக நிறுத்திய அதே இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினோம். நான் இறங்கி ஒவ்வொரு சக்கரத்திலும் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். டிரம் முழுவதையும் நனைக்கக் கூடாது. சூடான இரும்பு விரிசல் விடும். தோசைக்கல்லில் போல் சத்தமிட்டுத் துள்ளவில்லை; மெதுவாகக் காய்ந்தது. நான்கு சக்கரமும் ஏறக்குறைய ஒரே சூடு. இடது முன் சக்கரம் உட்பட. பத்து நிமிடம் காத்திருந்தோம். அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஏறி அமர்ந்து, புறப்படும் முன்பாகவே பெடலை மிதித்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். பாதியில் நின்றது, அதற்குக் கீழே போகவில்லை. இன்னொரு முறை மிதித்தார். நின்றது.

அன்றிரவு அவர் சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் சிறு தூரிகையையும் எடுத்துவந்து, பானெட்டின் உட்புறத்தில் ஆயில் மாற்றிய தேதியையும், அதற்குக் கீழே இரண்டு ஆண்டு தள்ளி இன்னொரு தேதியையும் எழுதினார். எழுதி முடித்த பின், ‘ஆயில்’ என்ற சொல்லை அடித்துவிட்டு வேறு என்ன எழுதலாம் என்று என்னைக் கேட்டார்.